எண்ணா, வாக்கியமா? விண்டோஸும் லினக்ஸும் பிழை சொல்லும் விதம்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். பாதி வேலை போனிலேயே நடக்கும். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் கூப்பிடுவார். "அண்ணாச்சி, ஏதோ எரர் வருது பாத்துக்கிடுங்க." வாசியுங்க என்றால், "எட்டு, பூச்சியம், பூச்சியம், ஏழு, பூச்சியம்..." நடுவில் ஒரு பூச்சியம் எப்படியும் விழுந்துபோகும். விண்டோஸின் இந்த எண் 0x என்று தொடங்கும்; 'எக்ஸ்' எழுத்துக்குப் பின் எட்டு இலக்கம் வேண்டும். ஏழுதான் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

முழுசாக வந்துவிட்டால் அந்த எண் நிறையப் பேசும். 80070005 என்பதில் முதலில் நிற்கும் 8, வேலை தோற்றதைச் சொல்கிறது. நாலாவதாக 7 வந்தால் பிழை வின்32 வகை, அதாவது விண்டோஸின் அடிப்படைப் பிழைப் பட்டியலில் உள்ளது. சரக்கு கடைசி நாலு இலக்கத்தில்தான்: 5 என்றால் அனுமதி இல்லை, 2 என்றால் ஃபைல் இல்லை. 20 என்று முடிந்தால் கவனம், அது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண். நம் கணக்கில் 32. ஃபைலை வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். எந்த ஃபைலை? அதை எண் சொல்லாது.

லினக்ஸில் கட்டளை தட்டும் திரையான டெர்மினல் அதைச் சொல்லிவிடும். புரோகிராமின் பெயர், ஃபைலின் பெயர், கடைசியில் 'பெர்மிஷன் டினைடு' என்று காரணம். எதிரே உட்கார்ந்து பார்ப்பவனுக்கு இதைவிட வசதி இல்லை. உள்ளே அதற்கும் ஓர் எண் உண்டு, பெரும்பாலும் கண்ணில் படாது. பட்டால்தான் வம்பு. ஃபைல் இல்லை என்பதற்கு இரண்டிலும் 2 தான். அதை நம்பி 5-ஐயும் ஒன்றென்று நினைத்தால் தொலைந்தோம். லினக்ஸில் 5 என்றால் படிப்பதிலோ எழுதுவதிலோ கோளாறு. டிஸ்க் செத்துக்கொண்டிருக்கும்போது நாம் பெர்மிஷனை மாற்றிக்கொண்டிருப்போம். அங்கே அனுமதி மறுப்புக்கு எண் 13.

லினக்ஸ், மேக் போன்ற யூனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரநிலையும் இதற்கு உதவாது. அது பிழைகளுக்குப் பெயரைத்தான் வரையறுக்கிறது, எண்ணை அல்ல. 'ஈஅகெய்ன்' (இப்போது முடியாது, மறுபடி முயன்று பார்) என்ற பிழை லினக்ஸில் 11, மேக்கில் 35.

திரையைத் தமிழுக்கு மாற்றியவர்களுக்கு என் ஓட்டு விண்டோஸ் பக்கம். வாக்கியம் தமிழானாலும் எண் அப்படியே இருக்கும், தேடினால் விடை கிடைக்கும். லினக்ஸில் வாக்கியம் தமிழில் வந்துவிட்டால், அதைத் தேடிப் பெரிதாக ஒன்றும் சிக்காது; மொழியை ஆங்கிலமாக்கி, கட்டளையை இன்னொரு தடவை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

இப்போதெல்லாம் வாட்சப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பாதித் திரைதான் வருகிறது, எண் இருக்கிற பக்கம் வெட்டுப்பட்டு.