பேஸ்கட்பாலா வாலிபாலா, எது நல்லா கண்டுபிடிச்சது?
ரெண்டுமே அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஒய்எம்சிஏ (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) ஆளுங்க ஜிம்முக்குள்ள ஆட உருவாக்குனதுதான். 1891 டிசம்பர்ல, குளிர்ல வெளிய ஆட முடியாத பசங்களுக்காக ஒய்எம்சிஏ வாத்தியார் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைய மாட்டி, 13 ரூல் எழுதி, கால்பந்த வச்சே பேஸ்கட்பால ஆரம்பிச்சுட்டாரு (கூடைக்கு அடி வேற இருந்துச்சு, பந்து விழுந்தா ஏறி எடுக்கணும், பாவம்). 1895ல வாலிபால உருவாக்குன வில்லியம் மோர்கன் ரூட்டே வேற, வயசான பிசினஸ்காரங்க இடிச்சுக்காம ஆடணும்னு நடுவுல நெட்ட கட்டிட்டாரு, எனக்கு இந்த ஐடியாதான் பிடிச்சிருக்கு, ஆனா வச்ச பேரு மின்டோனெட், யாரு வாயில நுழையும்? 1896ல டெமோ பாத்த ஒருத்தர் சொல்லித்தான் வாலிபால் ஆச்சு. ரெண்டையும் நாடு நாடா கொண்டுபோனது ஒய்எம்சிஏதான், இருந்தும் ஒலிம்பிக்ஸ்க்கு பேஸ்கட்பால் 1936லயே போயிடுச்சு, வாலிபால் 1964லதான்.