கியர்பாக்ஸை இரண்டு முறை இறக்கியவனின் கணக்கு: 500 நியூட்டன் மீட்டர் டர்போ காருடன் 4 வருடம்

என்னுடையது முன்சக்கர இயக்கம் கொண்ட 2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், 6 ஸ்பீடு மேனுவல். கம்பெனியிலிருந்து வந்தபோது 350 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை. பெரிய டர்போ, இன்டர்கூலர், ட்யூன் எல்லாம் முடிந்த பிறகு 500. அந்த நிலையில் 4 வருடம், 58,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இன்ஜினுக்கே பெரும்பகுதி காசு போய்விட்டது. மிச்சம் இருந்தது, டிரைவ்டிரெய்னில், அதாவது கிளட்சிலிருந்து ஆக்சில் வரை இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பகுதியில், நான் ஆசைப்பட்ட பாகங்களில் பாதிக்குக்கூடக் காணாது. எதை முதலில் வாங்குவது, எதை வாங்காமலே விடுவது என்று வரிசை போட வேண்டியிருந்தது. முதலில் தப்பாகத்தான் போட்டேன்.

கைவிட்டது கிளட்ச்தான். ஆறாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருந்தவன், முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினேன். ஆர்பிஎம் முள் 4,000-க்குத் தாவியது, வேக முள் இருந்த இடத்திலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. முதல் கியரில் வழுக்காத கிளட்ச் ஆறாவதில் ஏன் வழுக்குகிறது என்று அன்று புரியவில்லை. எந்த கியரில் இருந்தாலும் கிளட்ச் தாங்குவது இன்ஜின் தரும் டார்க்கை மட்டும்தான். மேல் கியரில் வேகம் மெதுவாக ஏறுவதால் டர்போ முழு பூஸ்டுக்கு (இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம்) வர நேரம் கிடைக்கிறது, உச்ச டார்க்கிலேயே வண்டி பல நொடிகள் நிற்கிறது. முதல் கியரில் அந்த இடம் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும்.

கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு, ஆக்சில். அதன் கதை நேர் எதிர். முதல் கியர் விகிதம் 3.5, அதற்கு அடுத்து எல்லா கியருக்கும் பொதுவாக வரும் கடைசிப் பல்சக்கர விகிதம் (ஃபைனல் டிரைவ்) 4 என்று வையுங்கள். 500-ஐ இரண்டாலும் பெருக்கினால் 7,000 நியூட்டன் மீட்டர், ஒரு பக்கத்துக்கு 3,500. ஆறாவது கியர் 0.7 என்றால் மொத்தமே 1,400தான். ஆக, கிளட்சுக்கு எமன் மேல் கியர், ஆக்சிலுக்கு எமன் முதல் கியர். இந்தக் கணக்கை முன்பே போட்டிருந்தால் எனக்கு நிறைய மிச்சமாகியிருக்கும்.

சரி, கிளட்ச். விற்றவர் "இது 700 தாங்கும்" என்றார், ஆறு துண்டு செராமிக் வகையை வாங்கினேன். வழுக்கவே இல்லை, உண்மை. ஆனால் அதற்கு ஒட்டுவது, விடுவது இரண்டுதான் தெரியும். நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போவது தண்டனை. ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் வண்டி மொத்தமும் உதறும். கூடவே இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன்: கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலை மாற்றவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிட்டேன். எட்டாவது மாதம் அது கசிந்து கிளட்ச் தட்டு நனைந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வளையத்துக்காக கியர்பாக்ஸை மறுபடி இறக்கினோம்.

பட்ஜெட் போடும்போது பாகத்தின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது என்று அன்றுதான் உறைத்தது. கியர்பாக்ஸை இறக்காமல் செய்யக்கூடியது எது, இறக்கினால்தான் செய்ய முடியும் என்பது எது என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டாவது வகையெல்லாம் ஒரே நாளில் நடக்க வேண்டும், அதற்குக் காசு சேரும்வரை டார்க்கைக் குறைத்து ஓட்ட வேண்டும்.

இரண்டாவது முறை கடன் வாங்கியாவது எல்லாவற்றையும் சேர்த்தே செய்தேன். முழுவட்ட ஆர்கானிக் தட்டு, கொஞ்சம் கடினமான பிரஷர் பிளேட், ஒற்றை மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வை விழுங்கும் ஸ்பிரிங் இல்லாத, ஒரே துண்டான சுழல்சக்கரம்), ரிலீஸ் பேரிங், அந்த சீல், பல்சக்கரங்களால் வேலை செய்யும் ஹெலிக்கல் வகை எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்). பழைய ஃப்ளைவீலில் அங்கங்கே நீலமாகத் திட்டுகள் இருந்தன, சூடு பட்ட அடையாளம். புதிய கிளட்சுக்கு முதல் 800 கிலோமீட்டர் பூஸ்டே காட்டாமல் ஓட்டினேன். நின்றிருக்கும்போது கியர்பாக்ஸிலிருந்து கடகட சத்தம் வருகிறது, ஒற்றை மாஸ் ஃப்ளைவீலோடு வரும் சீதனம் அது. கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். எல்எஸ்டியில் பிளேட் வகை இன்னும் உறுதியாகப் பிடிக்கும், ஆனால் தேயும். தேய்ந்தால் திரும்ப கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதனால் ஹெலிக்கல். வளைவிலிருந்து வெளிவரும்போது உள்பக்கச் சக்கரம் சும்மா சுற்றி வீணாவது நின்றது. காரை ஓட்டும் விதத்தையே மாற்றியது இது ஒன்றுதான்.

காசுக்கு அதிகம் தந்தது என்று கேட்டால் ட்யூனரிடம் கேட்டு வாங்கிய கியர்வாரி பூஸ்ட் அளவைச் சொல்வேன். முதல் கியரில் டார்க் 300 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 400, மூன்றாவதிலிருந்து முழுசு. முதல் கியரில் டயர் எப்படியும் பிடிக்காது, இழந்தது ஒன்றுமில்லை. எல்லா இசியுவிலும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இந்த வசதி இருக்காது. ஆனால் இது ஆக்சிலைக் காப்பாற்றும், கிளட்சைக் காப்பாற்றாது. மேலே போட்ட கணக்குதான்.

அடுத்தது கீழ்ப்பக்க இன்ஜின் மவுண்ட், இன்ஜின் ஆடாமல் பிடித்திருக்கும் ரப்பர் தாங்கி. அதில் ரப்பரைவிடக் கடினமான பாலியூரித்தேன் செருகியதும், கிளம்பும்போது முன்சக்கரம் தடதடவென்று துள்ளுவது பெருமளவு அடங்கியது. ஆக்சிலை முறிப்பது பெரும்பாலும் அந்தத் துள்ளல்தான், டயர் பிடித்து விட்டுப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சம்மட்டி அடி. பதிலுக்கு ஏசி போட்டு சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் உதறுகிறது. என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை, எனக்குப் பழகிவிட்டது.

கியர் ஆயிலை 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பார்ப்பது வழக்கம். சாம்பல் நிறத்தில் மை மாதிரி குழைந்தால் சாதாரணத் தேய்மானம். நெருடினால் பல் உதிர ஆரம்பித்திருக்கிறது. அந்தக் கந்தக வாடை இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது.

ஆக்சில் மட்டும் இன்னும் கம்பெனியுடையதே. வேண்டுமென்றேதான். எங்கோ ஒன்று உடையத்தான் போகிறது என்றால் சுலபமாக மாற்றக்கூடியது உடையட்டும், வீட்டு ஃப்யூஸ் மாதிரி. ஆக்சிலை உருக்குத்தூண் ஆக்கிவிட்டால் அடுத்த அடி கியர் பல்லுக்குப் போகும். ஒட்டும் ரேஸ் டயரும் வேண்டாம் என்றதற்கு அதே காரணம். 4 வருடத்தில் ஒருமுறை உடைந்தது: ஈரத்தில் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரென்று காய்ந்த தரையைத் தொட்டது, டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் எந்த கியர் போட்டாலும் வண்டி நகரவில்லை. எல்எஸ்டி இருந்தும் பயனில்லை, ஒரு பக்கம் பிடிமானமே இல்லையென்றால் ஹெலிக்கல் கைவிரித்துவிடும். வாங்கி வைத்திருந்த பழைய ஆக்சிலை 2 மணி நேரத்தில் மாட்டினோம்.

இப்போதைக்கு ஒரு குறை இருக்கிறது. காலையில் ஆயில் சூடாவதற்கு முன் மூன்றாவது கியர் லேசாகக் கரகரக்கிறது, சின்க்ரோவாக (கியர் மாறும்போது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) இருக்கும். இதற்கென்று தனியாக கியர்பாக்ஸை இறக்கப் போவதில்லை. அடுத்து இறக்கும்போது செய்ய வேண்டியவை என்று ஒர்க்‌ஷாப் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன், அதில் முதல் வரியாக எழுதியாயிற்று. இரண்டாவது வரி, மறுபடியும் அந்த சீல்.