மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பிஎச்.டி.: தரவரிசையை விட்டு லேபைப் பாருங்கள்

பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் ஈஸ்ட் ஹால் கட்டடத்தைக் கணிதத் துறையும் உளவியல் துறையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அமெரிக்காவின் பெரிய உளவியல் துறைகளில் இதுவும் ஒன்று. உயிர் உளவியல், மருத்துவ உளவியல், அறிதல், வளர்ச்சி, ஆளுமை, சமூக உளவியல் என்று தனித்தனிப் பிரிவுகள். விண்ணப்பம் போவது துறைக்கு. இடம் கிடைப்பதோ ஒரு பிரிவில், அதிலும் ஒரு அட்வைசரின், அதாவது ஆய்வு வழிகாட்டியின், லேபில். தரவரிசையைப் பார்த்து விண்ணப்பப் பணம் கட்டுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆகவே முதல் வேலை, உங்கள் தலைப்பில் இப்போதும் ஆய்வு செய்கிற இரண்டு மூன்று பேராசிரியர்களைத் தேடிப்பிடிப்பது. அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறார்களா என்று ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கடைசித் தேதி டிசம்பர் தொடக்கத்தில் வந்துவிடும். முனைவர் சேர்க்கைக்கு ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண் பார்ப்பதில்லை என்பதால் முழுப் பாரமும் பரிந்துரைக் கடிதங்கள் மீதும் ஆய்வு அனுபவத்தின் மீதும் விழுகிறது. "நன்றாகப் படிக்கும் பெண், ஒழுக்கமானவர்" என்று நம்மூர்ப் பாணியில் எழுதிய கடிதம் இங்கே செல்லாது. எந்தத் தரவை எப்படிப் பகுத்தாய்ந்தார், எங்கே சிக்கினார், எப்படி மீண்டார் என்பது அதில் இருக்க வேண்டும். நோக்க அறிக்கை வேறு, தனிப்பட்ட அறிக்கை வேறு. ஒன்றையே திருப்பி எழுதி இரண்டு இடத்திலும் ஒட்டாதீர்கள். மூன்றாண்டு இளநிலைப் பட்டம் மட்டும் உள்ளவர்கள் பல்கலைக்கழகத்தின் ராக்கம் பட்டமேற்படிப்புப் பள்ளியின் தகுதி விதியைப் பார்த்த பிறகே கட்டணம் கட்டவும்.

இந்த இடத்தின் உண்மையான பலம் சமூக ஆய்வு நிறுவனம், அதாவது ஐஎஸ்ஆர். 1968-இல் தொடங்கி அதே குடும்பங்களைப் பின்தொடரும் வருமான ஆய்வும், 1992-இல் தொடங்கிய முதியோர் உடல்நல ஆய்வும் அங்கிருந்தே நடக்கின்றன. ஆள் திரட்டாமலே முழு ஆய்வேட்டையும் இவற்றின் தரவில் எழுதலாம். ஆனால் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளோடு இணைத்த, எல்லோருக்கும் திறந்துவிடாத தரவு வேண்டுமென்றால் அனுமதிக்கே மாதக்கணக்கில் ஆகும். நான்காம் ஆண்டில் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். கோடையில் அங்கே ஐசிபிஎஸ்ஆர் என்ற சமூக அறிவியல் தரவுக் காப்பகம் நடத்தும் புள்ளியியல் வகுப்புகளைத் தவறவிட வேண்டாம்.

சொந்தமாகத் தரவு திரட்டுவோருக்கு அறிமுக உளவியல் வகுப்பு மாணவர்கள் பங்கேற்பாளர்களாகக் கிடைப்பார்கள். பருவத்தின் கடைசி வாரங்களில் பாடத்துக்கான பங்கேற்புக் கணக்கை அவசரமாகத் தீர்க்க வருகிறவர்களின் பதில்கள் மோசமாக இருக்கும். படித்துத்தான் பதில் சொல்கிறார்களா என்று காட்டும் கவனச் சோதனைக் கேள்விகளை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் களப்பணி என்றால் தமிழ் ஒப்புதல் படிவத்தையும் மொழிபெயர்த்த விதத்தையும் சேர்த்தே நெறிமுறைக் குழுவிடம் கொடுங்கள். தமிழில் பெயர்த்து, மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்துச் சரிபார்க்காத அளவுகோலைப் பிறகு எந்த இதழும் எடுக்காது.

பணவிஷயம் மோசமில்லை. கல்விக்கட்டணம், உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் பொதுவாகச் சேர்ந்தே வரும். பதிலுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். மாணவ ஊழியர் சங்கமான ஜிஇஓ 2023-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்துதான் புதிய ஒப்பந்தத்தைப் பெற்றது. இருந்தாலும் ஆன் ஆர்பர் வாடகை உதவித்தொகையில் பெரும்பகுதியை விழுங்கும். வளாகத்துக்கு வெளியே பேருந்துப் பாதையில் பகிர்வீடு பாருங்கள். சேர்க்கைக் கடிதம் வந்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் உண்டு. கோடை மாதங்களுக்கும் தொகை உண்டா, எத்தனை ஆண்டுக்கு உறுதி என்று அதற்குள் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவ உளவியல் பிரிவைப் பற்றி எங்களுக்குத் தயக்கம் உண்டு. இடம் குறைவு, போட்டி கடுமை. படிப்பின் முடிவில் ஓராண்டு இன்டர்ன்ஷிப், அதாவது மருத்துவமனை போன்ற இடங்களில் நேரடிப் பயிற்சி, கட்டாயம். நாடெங்கும் இன்டர்ன்ஷிப் இடங்களைப் பெருமளவில் தரும் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகள் அமெரிக்கக் குடிமக்களைத்தான் எடுக்கும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். ஊர் திரும்பிச் சிகிச்சை தரும் எண்ணம் உள்ளவர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு விதிகளைச் சேர்வதற்கு முன்பே படித்துவிட வேண்டும், பிஎச்.டி. பட்டம் கையில் இருப்பதால் மட்டும் அந்தப் பதிவு கிடைத்துவிடாது.