நிஸ்ட் கெமிஸ்ட்ரி வெப்புக்: தனிப் பொருளுக்கு நம்பிப் போகலாம், கலவைக்கு அல்ல

கெமிக்கல் இன்ஜினீயரிங் படிப்பவர்களும் எரிவாயு, பெட்ரோலியம் பக்கம் வேலை பார்ப்பவர்களும் முதலில் புக்மார்க் பண்ண வேண்டிய, வேதிப்பொருள்களின் பண்புகளைத் தரும் தளம் இது. அமெரிக்க அரசின் அளவீட்டுத் தர அமைப்பான நிஸ்ட் (NIST) 1996 முதல் நடத்துகிறது, காசு கிடையாது. ஒரு ஹைட்ரோகார்பனின் நிலைமாறு வெப்பநிலையை (திரவம், ஆவி என்ற வேறுபாடே மறைந்துபோகும் வெப்பநிலை) தேடினால் ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல் யார், எந்த ஆண்டில் அளந்தார்கள், பிழை வரம்பு எவ்வளவு என்று வரிசையாகக் காட்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

பென்டேனின் மூன்று மாற்றியங்களையும் தேடிப் பாருங்கள். நேர்ச்சங்கிலி பென்டேனுக்குச் சுமார் 470 கெல்வின், ஐசோபென்டேனுக்கு 460, நியோபென்டேனுக்கு 434. மூன்றுக்கும் ஒரே வாய்பாடு, ஒரே எடை. ஆனால் நியோபென்டேன் மூலக்கூறு கிட்டத்தட்ட உருண்டை, பக்கத்து மூலக்கூறோடு ஒட்டும் பரப்பு குறைவு, அதனால் மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பான லண்டன் விசை தளர்ந்து 36 கெல்வின் இறங்கிவிடுகிறது. வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பாய்மப் பண்புகள் பகுதியும் அருமை. புரோப்பேனுக்கு நிறைவுநிலை (திரவமும் ஆவியும் சமநிலையில் சேர்ந்திருக்கும் நிலை) அட்டவணை எடுத்தால் 300 கெல்வினில் திரவ அடர்த்தி கனமீட்டருக்கு 490 கிலோ, ஆவிக்கு 22 கிலோ அளவில் நிற்கும். அப்புறம் வெப்பநிலை ஏற ஏற இரண்டும் நெருங்கி, 370 கெல்வினை ஒட்டி 220 பக்கத்தில் ஒன்றாகிவிடும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: அந்தப் பகுதியில் கலவைகளே கிடையாது. சரி, இரண்டு தனி எண்களை எடுத்துச் சராசரி போட்டுக்கொள்ளலாமே என்று நினைத்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். மீத்தேனின் நிலைமாறு அழுத்தம் (நிலைமாறு வெப்பநிலையில் உள்ள அழுத்தம்) 46 பார், புரோப்பேனுடையது 42.5 பார், சராசரி இதற்கு நடுவில்தான் விழும், ஆனால் சில விகிதங்களில் கலவையின் உண்மையான நிலைமாறு அழுத்தம் 100 பாரை ஒட்டிப் போகிறது. புரோப்பேன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாக இழுக்கும், மீத்தேனோ தன் நிலைமாறு வெப்பநிலையான 191 கெல்வினைத் தாண்டி எங்கோ இருக்கும், அதையும் திரவத்துக்குள் அடக்கி வைக்க அழுத்தம் ஏறத்தான் வேண்டும்.

கலவைக்கு நிஸ்டே விற்கும் ரெஃப்ராப் என்ற மென்பொருள் இருக்கிறது, காசு கட்ட வேண்டும். மாணவர்கள் இலவசமான கூல்ப்ராப்பில் தொடங்கலாம், பைத்தானிலேயே ஓடும்.