காரைக்குடி மரபியல் ஆலோசனைப் பிரிவு: தொடர் கருச்சிதைவுக்குப் பின் சென்றவரின் மதிப்பீடு

இரண்டு முறையோ அதற்கு மேலோ கரு கலைந்து, சர்க்கரை, தைராய்டு, கருப்பை அமைப்பு, இரத்தம் உறையும் போக்கைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் என எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்து, காரணம் தெரியவில்லை என்று கைவிரிக்கப்பட்ட தம்பதியருக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையோடு இணைந்த மரபியல் ஆலோசனைப் பிரிவுக்கு நானும் கணவரும் சென்றோம். மதுரைக்கு அலையாமல் ஊரிலேயே இது கிடைப்பது வசதிதான். எந்தப் பரிசோதனை வேண்டாம் என்றும் சொல்கிறார்களே, எனக்கு அதுவே பெரிதாகப்பட்டது.

முதல் அமர்வு முழுவதும் குடும்ப வரலாற்றுக்கே போயிற்று. கோயில் பிரிவு (தந்தைவழிக் குலப் பிரிவு) பார்த்துச் சம்பந்தம் செய்வதால் சொந்தத்தில் முடித்தாலும் குறை வராது என்பது எங்கள் வீட்டில் அப்பத்தா முதல் எல்லோருடைய நம்பிக்கை. கோயில் தந்தைவழியை மட்டுமே பிரிக்கிறது என்றும், அம்மான் மகளும் அயித்தை மகனும் ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் ஆதலால் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் அவர்களுக்குப் பொதுவாக இருக்கும் என்றும் ஆலோசகர் விளக்கினார். இருப்பினும் எங்கள் இழப்புகளுக்கு அந்த உறவையே காரணமாக்கிவிடவில்லை. தொடர்ந்து கரு கலையும் தம்பதியரில் நூற்றுக்கு 2 முதல் 5 ஜோடிகளில், கணவன் மனைவி இருவருள் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் கூடாமல் குறையாமல் இடம் மட்டும் மாறியிருக்கும். அவருக்கு உடலில் ஒரு குறையும் தெரியாது, முட்டையோ விந்தணுவோ உருவாகும்போதுதான் கணக்குப் பிசகும். உறவுத் திருமணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மருமகளை மட்டுமே ஊசிக்கு அனுப்பும் வீடுகள் கவனிக்க வேண்டும்: குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் கேரியோடைப் பரிசோதனைக்கு இருவரின் இரத்தமும் தேவை. வெள்ளணுக்களை வளர்த்துப் பார்ப்பதால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும்.

எங்கள் இருவருக்கும் 46 குரோமோசோம்களும் சரியாகவே இருந்தன. விடை கிடைத்தது கடைசியாகக் கலைந்த கருவின் திசுவில்தான். அதில் இரண்டாக இருக்க வேண்டிய 16ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதை, டிஎன்ஏவைக் கொண்டு குரோமோசோம் கூடுதல் குறைவைப் பார்க்கும் மைக்ரோஅரே சோதனை காட்டியது. கலையும் கருக்களில் ஒரு குரோமோசோம் மூன்றாகிவிடும் பிழைகளுள் இதுவே மிகுதியாகக் காணப்படுவது. பெரும்பாலும் முட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது. தாயின் வயதோடு கூடுவது. அதற்கு முந்தைய இழப்பின்போது வேறொரு மருத்துவமனையில் திசுவை ஃபார்மலினில் (செல்களைக் கொன்று பதப்படுத்தும் திரவம்) போட்டுவிட்டதால், செல் வளர்த்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. இங்கே கிருமி நீக்கிய சலைனில் எடுத்ததோடு, தாயின் செல்கள் கலந்துள்ளனவா என்றும் தனியே சரிபார்த்தார்கள்.

பல இடங்களில் தாராளமாக எழுதித் தரப்படும் எம்டிஎச்எஃப்ஆர் சோதனை (ஃபோலேட் சத்தைப் பயன்படுத்த உதவும் மரபணுவைப் பார்ப்பது) வேண்டாம் என்றார்கள். ஐவிஎஃப் செய்து கருக்களைச் சோதித்துப் பதிக்கும் முறைக்கும் எங்களைப் போன்றோரிடம் உறுதியான பலன் நிறுவப்படவில்லை என்றும், அடுத்த கருவை இயல்பாகவே எதிர்பார்க்கலாம் என்றும் கூறினார்கள். எளிதில் விற்றிருக்கக்கூடியதை விற்காத இடம் என்பதால் என் மதிப்பு இங்கே உயர்கிறது.

குறைகளும் உண்டு. கருவை இழந்தவர்களையும் நிறைமாதக் கர்ப்பிணிகளையும் ஒரே ஸ்கேன் கூடத்தில் காத்திருக்க வைக்கிறார்கள். இதை மன்னிக்க எனக்கு மனமில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே வருகிறது. மைக்ரோஅரே கட்டணத்தையும் கேட்ட பிறகே சொல்கிறார்கள்.

செல்பவர்கள் பழைய ஸ்கேன் தாள்களை எடுத்துக்கொண்டு கணவருடன் செல்லுங்கள். கரு கலைந்துகொண்டிருக்கும் நிலையில் இருந்தால், கருப்பையைச் சுத்தம் செய்வதற்கு முன்பே தொலைபேசியில் அழைத்துத் திசுவை எப்படி எடுத்து அனுப்புவது என்று கேட்டுவிடுங்கள்.