களியக்காவிளை பக்கம் ஒரு எக்ஸ்ரே சென்டர்: சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ணு குறைஞ்சது ஒரு சிவப்பு பல்பால.

மகளுக்கு நாலு வயசு. மூணு வாரமா விடாத இருமல், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார் டாக்டர். "கொச்சுப் பிள்ளைக்குக் கதிர் அடிச்சா ஆகுமா?"ன்னு மாமியார் விடவே இல்லை. எனக்கும் பயம்தான். போன வருஷம் வேறொரு ஊர்ல, பிள்ளை அசைஞ்சிட்டான்னு மூணு தடவை எடுத்தாங்க. படம் தாடையிலிருந்து தொடை வரைக்கும் இருந்துது. நெஞ்சைப் பார்க்கத் தொடை எதுக்கு?

இங்கே டெக்னீஷியன் சேச்சி முதல்ல பழைய படம் உண்டான்னு கேட்டாங்க. அடுத்து என்கிட்ட, "வயித்துல பிள்ளை உண்டா?" இல்லைன்ன பிறகுதான் கதிரைத் தடுக்கிற ஈய ஏப்ரனை எனக்கு மாட்டிவிட்டு, பிள்ளை கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாங்க. தோள் இறங்கிப்போற கனம். மகள் நெஞ்சுல ஒரு சதுர வெளிச்சம், நடுவுல சிலுவைக் கோடு. சேச்சி குமிழைத் திருகித் திருகி அதை ஒடுக்கினாங்க. கழுத்துக்குக் கீழே தொடங்கி விலாவோட நின்னுது. "வெளிச்சம் விழற இடத்துலதான் கதிரும் விழும்." வயித்துக்கு ஒரு ஏப்ரன் போடலாமேன்னேன். அது நழுவிப் படத்துல விழுந்தா மறுபடி எடுக்கணும், வேண்டாம்னுட்டாங்க. "பலூன் ஊதப் போறோம் மோளே, மூச்சை இழு!" டக். ஒரே தடவை.

மாமியாருக்குக் கணக்கு சொன்னேன். நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு 0.02 மில்லிசீவர்ட் பக்கம், அதுதான் உடம்புல படுற கதிரை அளக்கிற அலகு. மண்ணு, காத்து, வானத்துலேருந்து சும்மாவே நமக்கு வர்ற கதிர் உலக சராசரி வருஷத்துக்கு 2.4. அதாவது மூணு நாள் அளவு. அவங்க பிறந்த ஊரோ மணவாளக்குறிச்சி, கடல் மணல்லயே கதிர் வீசுற தோரியம் கிடக்கிற இடம். "அப்போ நான் எத்தனை எக்ஸ்ரே எடுத்தாச்சு!"ன்னு சிரிச்சாங்க. சி.டி. ஸ்கேன்னா இந்தக் கணக்கு எடுபடாது, அது பல மடங்கு. அவசியமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

இப்போ அந்த பல்பு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய லைசென்ஸ் சுவர்ல தொங்குது, சரி. ஆனா எக்ஸ்ரே எடுக்கும்போது கதவுக்கு மேல எரிய வேண்டிய சிவப்பு பல்பு எரியல. எங்களுக்கு முந்தின ஆள் உள்ளே இருக்கும்போதே ஒரு பெரியவர் கதவைத் தள்ளப் போனார், நான்தான் தடுத்தேன். கவுண்டர்ல சொன்னதுக்கு "நாளைக்கு மாத்திடுவோம்"னாங்க. ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட் வாங்கப் போனப்பவும் எரியல. மாத்தினா அந்த அஞ்சாவது ஸ்டாரையும் போட்டுடுறேன்.