இந்த ஸ்ட்ரிங் யாருடையது? சி, சி++, ரஸ்ட் மூன்றிலும் புழங்கிய அனுபவம்

கொழும்பில் கடைகளுக்கு பில் மென்பொருள் எழுதுபவருக்கு முக்கால்வாசி வேலை ஸ்ட்ரிங்கோடு, அதாவது எழுத்துத் தொடரோடுதான். ஒரே பொருளின் பெயர் சிங்களம், தமிழ், இங்கிலிஷ் என்று மூன்று தடவை வரும். கிளையின் பெயர், முகவரி, காசாளர் பெயர், பற்றுச்சீட்டின் அடியில் போடும் நன்றி வாசகம் எல்லாம் இதில் சேரும். விலையைக் கூட்டிக் கழிக்கும் கோடில் எங்களுக்குப் பெரிய பிரச்சினை வந்ததில்லை. மென்பொருள் திடீரென்று நின்றது, பெயர் சிதைந்து அச்சானது என்று வந்த முறைப்பாடுகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில்தான் போய் முட்டின: இந்த ஸ்ட்ரிங்கின் மெமரி யாருடைய பொறுப்பு?

சி என்ற புரோகிராமிங் மொழியில் தொடங்கி, சி++ க்குப் போய், இப்போது சில வருடங்களாகப் புதிய வேலையை ரஸ்டில் செய்கிறேன். பழைய சி++ கோடையும் பார்த்துக்கொள்கிறேன். பிரிண்டரோடு பேசும் பகுதி இன்னும் சி-தான். இவ்வளவு காலம் மூன்றோடும் மல்லுக்கட்டியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. மெமரியை விடுவிக்கும் பொறுப்பு, அதாவது உரிமை, யாருடையது என்பது ஃபங்ஷனின் முகப்பிலேயே (அதன் பெயரும் டைப்புகளும் இருக்கும் வரியிலேயே) தெரிய வேண்டும். டொகியுமென்டில் இருந்தால் போதாது, எழுதியவரின் ஞாபகத்தில் இருந்தால் சுத்தமாகப் போதாது.

சி-யை எடுங்கள். கேர் பொயின்டரை, அதாவது எழுத்துகள் இருக்கும் மெமரி முகவரியை, திருப்பித் தரும் நான்கு ஃபங்ஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்ட்ரிங்கைப் பிரதி எடுக்கும் ஸ்டர்டப் தருவது மாலாக்கில் (மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) எடுத்த புது மெமரி, அதை நாம்தான் ஃப்ரீ செய்ய, அதாவது விடுவிக்க வேண்டும். சூழல் மாறியை வாசிக்கும் கெட்என்வ் தருவதை ஃப்ரீ செய்யவே கூடாது, அதில் கை வைக்கவும் கூடாது. நேரத்தை வாசகமாக்கும் சிடைம் தருவது உள்ளுக்குள் இருக்கும் ஒரு ஸ்டாடிக் பஃபர் (எப்போதும் இருக்கும் ஒரே மெமரி இடம்), அடுத்த தடவை கூப்பிட்டால் பழைய நேரம் அழிந்துவிடும். ஒரு வாசகத்துக்குள் இன்னொன்றைத் தேடும் ஸ்டர்ஸ்டர் தருவது நாம் கொடுத்த ஸ்ட்ரிங்குக்கு உள்ளேயே ஓர் இடம். நான்குக்கும் சட்டம் வேறு, டைப் மட்டும் ஒன்று. கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் கொம்பைலருக்கு வித்தியாசமே விளங்காது.

அதே சி-யில் இதை ஒழுங்காகச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைபிரரியில் கேள்வி வாசகத்துக்குள் ஒரு ஸ்ட்ரிங்கைப் பொருத்தும் ஃபங்ஷனுக்குக் கடைசி ஆர்கியுமென்டாக உரிமையையே கேட்பார்கள். ஸ்டாடிக் என்று கொடுத்தால், அது இருக்கும் இடத்திலேயே இருக்கும், எஸ்கியூலைட் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. டிரான்சியன்ட் என்று கொடுத்தால், உடனே தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும். ஃப்ரீ செய்யும் ஃபங்ஷனைக் கொடுத்தால், வேலை முடிந்ததும் அதையே கூப்பிட்டு விடுவிக்கும். பதில் சொல்லாமல் கடந்து போக முடியாது. சி-யில் ஏபிஐ (பிறர் கூப்பிடுவதற்கான ஃபங்ஷன்கள்) எழுதப் போகும் யாருக்கும் நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஆனால் அதே எஸ்கியூலைட்டில் அட்டவணை நிரலிலிருந்து (கொலம்) வாசிக்கும் டெக்ஸ்ட், அடுத்த வரிக்கு நகர்ந்த உடனே செல்லாது. அது டொகியுமென்டில் தெளிவாக இருக்கிறது, டைப்பில் இல்லை.

சி++ க்கு வந்தபோது பெரிய ஆறுதல். ஸ்டாண்டர்ட் ஸ்ட்ரிங் தன் மெமரியைத் தானே விடுவித்துக்கொள்ளும். ஃப்ரீ மறந்தது, இரண்டு தடவை ஃப்ரீ செய்தது என்ற கதைகள் ஏறத்தாழ நின்றுபோயின. அப்புறம் 2017 தரநிலையில் ஸ்ட்ரிங் வியூ வந்தது. அதில் ஒரு பொயின்டரும் நீளமும் மட்டும்தான், உரிமை கிடையாது. பிரதி எடுக்காமல் வாசிக்கலாம் என்பதால் எல்லோரும் விரும்பினார்கள், நானும்தான். ஃபங்ஷனுக்கு உள்ளே வரும் ஆர்கியுமென்டாக இன்றும் அதைத்தான் போடுகிறேன். வியூவை எங்கேயாவது சேமித்து வைக்கும்போதுதான் ஆபத்து. வீட்டை இடித்த பிறகும் விலாசம் எழுதிய துண்டைக் கையில் வைத்திருப்பது போன்ற நிலை அது.

நான் பார்த்ததில் மிக விசித்திரமான வழு இந்த வகைதான். வேறோர் இடத்தில் எழுதப்பட்டு எங்கள் பராமரிப்புக்கு வந்த கோட் அது. கிளைகளின் பெயர்கள் ஒரு வெக்டரில் (தேவைக்கு வளரும் பட்டியல்) இருக்கும். வேகமாகத் தேடுவதற்கு, அந்தப் பெயர்களைச் சுட்டும் ஸ்ட்ரிங் வியூக்களை ஒரு மேப்பில் (பெயரை வைத்துத் தேடும் அட்டவணை) போட்டிருந்தார்கள். புதுக் கிளைகள் சேரச் சேரப் பெயர்கள் குழம்பத் தொடங்கின. எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் வந்து சொன்னான்: "அண்ணா, தமிழ்ப் பெயர் எல்லாம் சரியா வருது. இங்கிலிஷ் பெயர்தான் குழம்புது. ஆனா கண்டியும் காலியும் தமிழிலையும் குழம்புது."

வழக்கமாக எங்கள் ஊரில் இது தலைகீழாகத்தான் நடக்கும். இங்கிலிஷ் சரியாக வரும், தமிழ் பெட்டி பெட்டியாக வரும். அதனால் முதலில் எல்லோரும் ஃபொன்ட், என்கோடிங் பக்கம்தான் போனார்கள். அந்தக் கண்டியும் காலியும்தான் துப்பு.

லினக்ஸில் ஜிசிசி கொம்பைலரோடு வரும் சி++ லைபிரரியில் ஸ்ட்ரிங் ஒன்றின் அளவு 32 பைட். 15 பைட் வரையிலான வாசகத்தை அது ஹீப்புக்கு, அதாவது தனியாகக் கேட்டு வாங்கும் மெமரிக்கு, போகாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். எழுத்துகளைப் பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (யுனிகோட் எண் உள்ள அலகு) 3 பைட். மெய்யெழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் எழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கும் தனித்தனி கணக்கு. "கொழும்பு" 8 குறியீட்டுப் புள்ளி, 24 பைட், ஆகவே ஹீப்பில். "யாழ்ப்பாணம்" 33 பைட், அதுவும் ஹீப்பில். "காலி" 12 பைட், உள்ளே. "கண்டி" மிகச் சரியாக 15 பைட், மயிரிழையில் உள்ளே. இங்கிலிஷில் எழுதிய கொழும்பு வெறும் 7 பைட்.

வெக்டரில் இடம் போதாமல் போனால் அது புது இடம் எடுத்து ஸ்ட்ரிங்குகளை அங்கே நகர்த்தும். ஹீப்பில் இருக்கும் பெயருக்கு பொயின்டர் மட்டும்தான் கைமாறும். எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருப்பதால் பழைய வியூ இன்னும் சரியாகவே காட்டும். (தரநிலை இதற்கு உத்தரவாதம் எதுவும் தரவில்லை, நடைமுறையில் அப்படி அமைந்துவிடுகிறது.) உள்ளே இருக்கும் குட்டிப் பெயருக்கோ எழுத்துகளே புது இடத்துக்குப் போய், பழைய இடம் விடுவிக்கப்பட்டுவிடும். வியூ அங்கேயே நிற்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேக்கில் வரும் லைபிரரிக்கு எல்லை 22 பைட். "மன்னார்" 21 பைட். லினக்ஸில் தப்பித்த மன்னார் மேக்கில் மாட்டிக்கொள்ளும்.

மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைப் போட்டு ஓட்டினோம். ஒரே ஓட்டத்தில் எங்கே வாசித்தது, எங்கே விடுவித்தது, முதலில் எங்கே எடுத்தது என்று மூன்று இடத்தையும் வரி எண்ணோடு கொடுத்துவிட்டது. ஜிசிசியில் 4.8 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. வேகம் ஏறத்தாழப் பாதியாகும், அதனால் கடைக்கு அனுப்பும் பில்டில் போட முடியாது. சோதனை இயந்திரத்தில் அது இல்லாமல் சி++ எழுதுவதை நான் இனி ஏற்கவே மாட்டேன். ஆனால் அது ஓடிய பாதையில் மட்டும்தான் பார்க்கும். வெக்டர் வளராத சோதனையாக இருந்திருந்தால் அதுவும் பேசாமல்தான் இருந்திருக்கும்.

அதே அமைப்பை ரஸ்டில் எழுதினால் கொம்பைல் ஆகாது. வெக்டரிலிருந்து கடன் வாங்கிய ஸ்டர் (உரிமையில்லாமல் பார்க்க மட்டும் தரும் வாசகம்) கையில் இருக்கும்போது வெக்டரில் புதுப் பெயரைச் சேர்க்கப் போனால் ஈ0502 பிழை வரும். பெயர் எத்தனை பைட், வெக்டர் வளருமா வளராதா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. கடன் நிலுவையில் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. முகப்பிலேயே எல்லாம் தெரியும்: ஸ்ட்ரிங் என்று வந்தால் இனி அது உன்னுடையது, ஸ்டர் என்று வந்தால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடு.

பழக்கப்பட எடுத்த காலம் குறைவில்லை. புதிதாக வருபவர்கள் கொம்பைலர் கத்தும் இடமெல்லாம் குளோன் (முழுப் பிரதி) போடுவார்கள். நான் அதைத் தடுப்பதில்லை. பற்றுச்சீட்டில் ஒரு வரி அச்சாகும் நேரத்தோடு பார்த்தால் ஒரு பெயரைப் பிரதி எடுப்பதெல்லாம் ஒரு செலவே இல்லை. நான் தடுப்பது ஸ்ட்ரக்டுக்குள் (பல தரவுகளைச் சேர்த்து வைக்கும் டைப்) கடன் ஸ்டரை வைப்பதைத்தான். வைத்தால், கடன் எதுவரை செல்லும் என்று சொல்லும் லைஃப்டைம் குறி அந்த ஸ்ட்ரக்டைத் தொடும் எல்லா இடத்துக்கும் பரவும், நீண்டகாலம் பராமரிக்க அது சரியான பாடு. ஸ்ட்ரக்டுக்குள் ஸ்ட்ரிங், ஃபங்ஷன் வாசலில் ஸ்டர், ஒரே நேரத்தில் ஓடும் பல திரெட் பகிரும் பெயருக்கு, உரிமையைப் பங்குபோடும் ஆர்க் ஸ்டர். இவ்வளவோடு எங்கள் வேலை நடக்கிறது.

ரஸ்டின் கௌ என்ற டைப்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், தமிழுக்கென்றே செய்தது போல் இருக்கிறது. "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் "கொழும்பு" ஒன்றில் 24 பைட், மற்றதில் 27. பெயர் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். உள்ளே வரும் வாசகத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஃபங்ஷன் கௌ-வைத் திருப்பித் தருகிறது. ஏற்கெனவே சரியாக இருந்தால் கடன் வாங்கியதையே அப்படியே தரும், மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் புது ஸ்ட்ரிங் எடுக்கும்.

ரஸ்ட் காப்பாற்றாத இடமும் இருக்கிறது. பெயரை 16 ஆவது பைட்டில் வெட்டப் போனால் சி பேசாமல் வெட்டி ஓர் அரைகுறைப் பைட்டை விட்டுவிடும், ரஸ்ட் பானிக் ஆகி நின்றுவிடும். மெமரிக்கு அது பாதுகாப்பு, கவுண்டரில் வரிசையில் நிற்பவருக்கு இல்லை. அதனால் பற்றுச்சீட்டுக் கோடில் நேரடியாக வெட்டுவதை விலக்கி, எழுத்து எல்லை பார்த்து வெட்டும் ஒரே ஃபங்ஷன் வழியாகத்தான் போகிறோம்.

இன்னும் தலைவலி கொடுப்பது பிரிண்டர் ட்ரைவர். சி-க்குக் கொடுப்பதற்கான ரஸ்டின் சி-ஸ்ட்ரிங்கை உருவாக்கி அதே வரியில் பொயின்டரை எடுத்தால், வரி முடியும்போதே ஸ்ட்ரிங் போய்விடும். இதற்காவது கொம்பைலர் எச்சரிக்கும். இன்டு ரா மூலம் வெளியே கொடுத்ததை ஃப்ரம் ரா மூலம் ரஸ்டிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், சி-யின் ஃப்ரீக்குக் கொடுக்கக் கூடாது. இதற்கு எச்சரிக்கை கிடையாது. ட்ரைவரோ நாம் கொடுத்த பொயின்டரைக் கூப்பிட்ட வேலை முடிந்த பிறகும் தன்னிடமே வைத்திருக்கும், அச்சு முடிந்ததைப் பின்னர் நம் ஃபங்ஷனைத் திருப்பிக் கூப்பிடும் ஒரு கோல்பேக்கில்தான் சொல்லும். ஆகவே அந்த ஸ்ட்ரிங்கை கோல்பேக் வரும்வரை பிடித்து வைத்திருக்கும் சின்ன ஸ்ட்ரக்ட் ஒன்று எழுதியிருக்கிறோம். பிரிண்டரோடு பேசும், கொம்பைலர் பொறுப்பேற்காத அன்சேஃப் வரிகள் எல்லாம் அந்த ஒரே ஃபைலில்தான் இருக்கின்றன. அதில் யார் எந்த வரியைத் தொட்டாலும் இரண்டு பேர் பார்த்த பிறகுதான் உள்ளே போகும்.